முச்சந்தியில் ஒரு பொறி

விடை தெரிந்த மாணவன் கையைத் தூக்குவான். தெரியாதவன் பெஞ்சுக்கு அடியில் விழாத பேனாவைத் தேடுவான். வகுப்பறையிலும் சரி, வினாடி வினா மேடையிலும் சரி, காலங்காலமாக நடப்பது இதுதான். இந்த வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த தொலைக்காட்சி ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் சரியான விடையைத் தொட்டவர் மாட்டிக்கொண்டார். தவறான விடைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட வேண்டும். ஆட்டத்தின் பெயர் ‘ட்ரிவியா ட்ராப்’; ‘ட்ராப்’ என்றால் பொறி. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1984 அக்டோபர் 8, திங்கட்கிழமை காலையில் பிறந்தது. 1985 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை கண்ணை மூடியது. ஆயுள் சரியாக 26 வாரம்.

அரை ஆண்டு வாழ்ந்த ஒன்றுக்கு வாழ்க்கை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். நூறு வயது வாழ்ந்தவரைப் பார்த்து எப்படி வாழ்ந்தார் என்று வியக்கிறோம். பால்குடி மாறாமல் போன குழந்தையைப் பற்றித்தான் ‘ஏன்’ என்று கேட்கிறோம். இந்தக் குழந்தை ஏழை வீட்டில் பிறக்கவில்லை. ஊரில் மழை பெய்து வயல் நிறைந்திருந்த பருவத்தில், பெரிய பண்ணை வீட்டில் பிறந்தது. அப்படியும் தங்கவில்லை.

முதலில் குலம் கோத்திரம். ‘ட்ரிவியா’ என்ற சொல்லின் வேர் லத்தீன். மூன்று சாலைகள் கூடும் இடத்துக்கு அந்த மொழியில் ‘ட்ரிவியம்’ என்று பெயர். நம்முடைய முச்சந்தியேதான். முச்சந்தியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், எதை வேண்டுமானாலும் பேசலாம். அங்கே அடிபடும் பேச்சு மலிவானது, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைக்கத் தேவையில்லாதது. இப்படித்தான் அந்தச் சொல் ‘அற்ப விஷயம்’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது.

அற்ப விஷயத்தை ஆட்டமாக்கியவர்கள் மாணவர்கள். 1960களின் நடுவில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எட் குட்கோல்டு, டான் கார்லின்ஸ்கி என்ற இருவர், சிறு வயதில் கேட்ட வானொலித் தொடர்கள், படித்த படக்கதைகள், பார்த்த சினிமாக்கள் பற்றி ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கும் விளையாட்டைப் பரப்பினார்கள். 1966இல் அது புத்தகமாகவும் வந்தது. தேர்வில் வராத, வேலைக்கு உதவாத, ஆனாலும் மறக்க முடியாத சங்கதிகள். பாட்டி வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பொம்மை மாதிரி. எடுத்துக் கையில் வைத்தால் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தை வியாபாரமாக்கியவர்கள் கனடாக்காரர்கள். 1979 டிசம்பர் 15 அன்று மான்ட்ரியல் நகரில் பத்திரிகைத் தொழிலில் இருந்த இரண்டு நண்பர்கள், கிறிஸ் ஹேனியும் ஸ்காட் அபாட்டும், ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். பெட்டியைத் திறந்தால் சில காய்களைக் காணோம். அப்படியானால் நாமே ஓர் ஆட்டம் செய்தால் என்ன என்று தொடங்கியதுதான் ‘ட்ரிவியல் பர்சூட்’. சக்கர வடிவப் பலகை, ஆறு வண்ணங்கள், ஆறு துறைகள், சுமார் 6,000 கேள்விகள். அமெரிக்காவில் அதை விற்க முன்வந்தது ஸ்கிராபிளை விற்றுவந்த அதே நிறுவனம். 1984 என்ற ஒரே ஆண்டில் வட அமெரிக்காவில் இரண்டு கோடிப் பெட்டிகள் விற்றன. விருந்து முடிந்த மேசைகளில் தட்டை எடுத்ததும் பலகையை விரித்தார்கள்.

வீடு வீடாக ஒன்று பரவினால் தொலைக்காட்சிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ‘ட்ரிவியா’ என்ற பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டால் கூட்டம் தானே வரும் என்ற கணக்கு எழுந்தது. கணக்குப் போட்டவர் சாதாரண ஆள் இல்லை. மார்க் குட்சன், 1915இல் பிறந்தவர். கூட்டாளி பில் டாட்மனோடு சேர்ந்து அமெரிக்க விளையாட்டு நிகழ்ச்சி உலகத்தில் பாதியைக் கட்டியவர் என்றே சொல்லலாம். ‘வாட்ஸ் மை லைன்’, ‘தி பிரைஸ் இஸ் ரைட்’, ‘பாஸ்வேர்ட்’, ‘மேட்ச் கேம்’, ‘ஃபேமிலி ஃபியூட்’ எல்லாம் அந்தப் பட்டறையில் அடித்தவை. டாட்மன் 1979இல் இறந்துபோக, குட்சன் தனியாகத் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டறையின் பழைய சரக்கு ஒன்றை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1956இல் தொடங்கிய ‘டு டெல் த ட்ரூத்’. மூன்று பேர் வந்து நின்று மூவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர்தான் உண்மையான ஆள், மற்ற இருவரும் புளுகர்கள். நால்வர் குழு கேள்வி கேட்டு அசலைக் கண்டுபிடிக்க வேண்டும். பொய்க்கு நடுவில் மெய்யை நிறுத்தி வைப்பது குட்சனுக்குக் கைவந்த கலை. ட்ரிவியா ட்ராப்பிலும் அதைத்தான் செய்தார். மூன்று பொய்க்கு நடுவில் ஒரு மெய். ஆனால் கைகாட்ட வேண்டிய திசையை மாற்றிவிட்டார். மெய்யைக் காட்டாதே, பொய்யைக் காட்டு என்றார்.

இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர். பிரித்த விதம் வேடிக்கையானது. முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ‘ஜூனியர்ஸ்’, முப்பதைத் தாண்டியவர்கள் ‘சீனியர்ஸ்’. மாமியார் மருமகள் பட்டிமன்றம் போல ஒரு தலைமுறைச் சண்டையை மூட்டிவிட்டால் வீட்டில் இருப்பவர் தன் கட்சியைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்வார் என்பது திட்டம். யோசனை கெட்டதில்லை. கோடு விழுந்த இடம்தான் சரியில்லை. 1984இல் முப்பத்தொரு வயது ‘சீனியர்’ 1953 வாக்கில் பிறந்தவர். அவரும் தொலைக்காட்சிப் பெட்டியோடு வளர்ந்த பிள்ளைதான். எதிர் அணியில் உட்கார்ந்திருந்த இருபத்தெட்டு வயதுக்காரரும் அதே கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்தவர். அண்ணன் தம்பியை வைத்துத் தாத்தா பேரன் சண்டை போட முடியாது.

நடத்துநர் பாப் யூபாங்க்ஸ். புதுமணத் தம்பதிகளைத் தனித்தனியே கேள்வி கேட்டுச் சிக்கவைக்கும் ‘நியூலிவெட் கேம்’ மூலம் 1966 முதல் அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கமான முகம். அதற்கும் முன்னால் லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் பாட்டு போட்டுக்கொண்டிருந்தவர். 1964இல் பீட்டில்ஸ் குழுவை ஹாலிவுட் பவுல் அரங்கில் பாடவைக்க 25,000 டாலர் தேவைப்பட்டபோது வீட்டை வைத்துக் கடன் வாங்கியவர். அப்படிப்பட்ட துணிச்சல்காரரை நிறுத்திவிட்டு, அறிவிப்பாளராகக் குட்சன் பட்டறையின் ஆஸ்தானக் குரல் ஜீன் வுட்டையும் கூட்டி வந்தார்கள். ஆள் பலத்தில் குறையே இல்லை.

இப்போது ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கேள்வி நான் புனைந்தது, விதி அவர்களுடையது. ‘விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர் யார்?’ பலகையில் நான்கு பெயர்கள்: நீல் ஆர்ம்ஸ்ட்ராங், ஜான் கிளென், ஆலன் ஷெப்பர்ட், கஸ் கிரிசம். சரியான விடை 1961 மே மாதம் போய் வந்த ஷெப்பர்ட்.

அணியின் முதல் ஆள் பேச வேண்டும். அவருக்கு ஷெப்பர்ட் என்று தெரிந்திருந்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஆர்ம்ஸ்ட்ராங்கை வெளியேற்றுகிறார். சந்திரனுக்குப் போனவர், காலம் 1969, இதில் குழப்பமில்லை. பணம் வருகிறது. ஆனால் இதற்குப் பெரிய அறிவு வேண்டியதில்லையே. இரண்டாவது ஆளின் மனதில் கிளென்தான் முதல்வர் என்று பதிந்திருக்கிறது. கிளென் அமெரிக்கர்களில் முதலில் பூமியைச் சுற்றி வந்தவர், அதுவும் 1962இல். அந்தப் புகழ் ஷெப்பர்டை மறைத்துவிட்டது. ஆகவே கிளென்னைக் காப்பாற்றிவிட்டு மிச்சமுள்ள இருவரில் ஒருவரைத் தூக்க வேண்டும். கிரிசம் என்றால் தப்பித்தார். தப்பித்தது அறிவால் இல்லை, நாணயம் சுண்டினது போலத்தான். ஷெப்பர்ட் என்றால் பொறியில் கால் வைத்தார். மூன்றாவது ஆளுக்கு எஞ்சியிருப்பது இரண்டே பெயர். கடைசியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே உண்மை தனியாக நின்றுகொண்டிருக்கும்.

காகிதத்தில் படிக்கும்போது அழகான புதிர். வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வது போல ஒவ்வொரு சந்தேகமாக விலக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இதே வேளையில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். காலை பதினொரு மணி. துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஒருவர் பார்க்கிறார். கேள்வி வந்ததும் ‘ஷெப்பர்ட்!’ என்று சொல்லிவிட்டார். வினாடி வினா பார்ப்பதன் மொத்த இன்பமும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. மேடையில் இருப்பவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரியும், பார்த்தாயா என்று யாரும் இல்லாத அறையில் நிமிரும் அந்த நிமிர்வு. ட்ரிவியா ட்ராப் அந்த மனிதரைப் பார்த்து, ‘உஷ், வாயை மூடு, இன்னும் மூன்று பேர் பேச வேண்டும்’ என்றது. விடை தெரிந்தவருக்கு வேலையில்லை. தெரியாதவருக்கோ நாணயம் சுண்டுகிற வேலை.

இதன் அருமை புரிய, அதே பருவத்தில் பிறந்த இன்னொரு குழந்தையைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ட்ரிவியா ட்ராப்புக்கு நான்கு வாரம் முன்னால், 1984 செப்டம்பர் 10 அன்று, அலெக்ஸ் ட்ரெபெக் நடத்த ‘ஜெப்பர்டி’ மறுபிறவி எடுத்தது. ஏ.பி.சி. போன்ற ஒரே வலையமைப்பில் அல்ல, ஊருக்கு ஊர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்கும் முறையில். அதுவும் தலைகீழ் ஆட்டம்தான். விடையைக் கொடுத்துவிடுவார்கள், போட்டியாளர் கேள்வியைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தலைகீழுக்கு ஒரு முன்கதை உண்டு. 1950களின் இறுதியில் ‘ட்வென்ட்டி ஒன்’ முதலான பெரும்பணப் போட்டிகளில் போட்டியாளர்களுக்கு விடைகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தது வெளிப்பட்டு நாடே நாறியது. 1960இல் அப்படி ஏமாற்றுவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அறிவுப் போட்டி என்றாலே நிலையங்கள் பின்வாங்கின. அந்த நாட்களில், ஜெப்பர்டியை உருவாக்கிய மெர்வ் கிரிஃபினின் மனைவி ஜூலான், விடையைக் கொடுத்ததுதானே குற்றம், பேசாமல் விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேட்டால் என்ன என்றார். ‘5,280’ என்று அவர் சொல்ல, ‘ஒரு மைலுக்கு எத்தனை அடி?’ என்று கணவர் சொல்ல, ஆட்டம் பிறந்தது. 1964 மார்ச் 30 அன்று என்.பி.சி.யில் தொடங்கி 1975 வரை ஓடியது அதன் முதல் பிறவி.

இரண்டு தலைகீழ்களுக்கும் உள்ள வேறுபாடு நூலிழைதான். ஜெப்பர்டியின் முடிச்சு வெறும் வாய்ச்சொல். ‘ஷெப்பர்ட்’ என்பதற்குப் பதில் ‘யார் ஷெப்பர்ட்?’ என்கிறார்கள். வீட்டில் இருப்பவர் அந்த ‘யார்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டுக் கத்தினாலும் குறைவில்லை. முடிச்சு ஆட்டத்துக்கு அணிகலன், அவ்வளவே. ட்ரிவியா ட்ராப்பின் முடிச்சோ கழுத்தில் விழுந்தது.

வீட்டுக்காரரின் அருமை தெரிந்தவர்கள் ஜெப்பர்டிக்காரர்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மறுபிறவியின் முதல் ஆண்டில், குறிப்பைப் படித்து முடிப்பதற்கு முன்பே போட்டியாளர் பொத்தானை அழுத்தலாம். வேகக்காரர்கள் பாதியிலேயே அழுத்தினார்கள். வீட்டில் இருப்பவருக்கு யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. இரண்டாம் ஆண்டிலிருந்து, முழுதும் படித்து முடித்த பின்தான் பொத்தான் வேலை செய்யும் என்று மாற்றிவிட்டார்கள். அந்த இரண்டு மூன்று நொடிகள் மேடையில் நின்றவர்களுக்காக இல்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தவருக்காக ஒதுக்கிய பங்கு.

குட்சனுக்கும் இந்த ரகசியம் தெரியாததல்ல. அவருடைய ஃபேமிலி ஃபியூட் ஆட்டத்தில் சரியான விடை என்ற ஒன்றே கிடையாது. நூறு பேரைக் கேட்டோம், அதிகம் பேர் என்ன சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. வீட்டில் உள்ளவர் மனதில் தோன்றியதைக் கத்தலாம், அது பலகையில் இருந்தாலும் இருக்கும். தி பிரைஸ் இஸ் ரைட் ஆட்டத்தில் சோப்பு விலையைக் கத்தலாம். ஊருக்கெல்லாம் கத்துவதற்கு இடம் கட்டிக்கொடுத்த கொத்தனார், இந்த ஒரு வீட்டில் மட்டும் கதவை மறந்துவிட்டார்.

விலாசமும் சரியில்லை. பகல்நேரத் தொலைக்காட்சியில் நேரம்தான் விலாசம். இந்த ஆட்டத்துக்குக் கிடைத்த பதினொரு மணி, இரண்டு யானைகளுக்கு நடுவில் விரித்த பாய். சி.பி.எஸ்.ஸில் பாப் பார்க்கரின் பிரைஸ் இஸ் ரைட், அதுவும் குட்சனின் சொந்தப் பிள்ளை, ஒரு மணி நேரத்துக்கு வளர்ந்து நின்றது. என்.பி.சி.யில் பாட் சேஜாக்கும் வான்னா ஒயிட்டும் நடத்திய ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ புகழின் ஏறுமுகத்தில் இருந்தது. ஒரு பக்கம் கார், படகு, குளிர்பதனப் பெட்டி. இன்னொரு பக்கம் சுழலும் சக்கரமும் திரும்பும் எழுத்துகளும். நடுவில் நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு எது பொய் என்று கேட்டது இந்தப் பிள்ளை. வென்ற அணிக்கு 10,000 டாலர் பரிசுச் சுற்று இருந்தது. சக்கரத்தைத் தாண்டி அதன் கிலுகிலுப்பு யார் காதிலும் விழவில்லை.

பகல் ஆட்டங்களைத் தயாரிக்கிற முறையில் ஒரு தொழிற்சாலை வாசனை உண்டு. ஒரு வாரத்துக்கான ஐந்து நிகழ்ச்சிகளை ஒரே நாளில் பதிவு செய்துவிடுவார்கள். ஜெயித்துக்கொண்டே போனால் அடுத்த நாள் என்று காட்ட வேண்டுமே, அதற்காகப் போட்டியாளர்களை மாற்றுடைகளோடு வரச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை என்பது பத்து நிமிடத்தில் மாற்றிய சட்டை. நிலையங்கள் அன்று இவற்றை வாங்கியதும் பதின்மூன்று வாரக் கட்டுகளாகத்தான். ஒரு கட்டு முடியும்போது பார்வையாளர் புள்ளிகளைப் பார்ப்பார்கள், பிடித்தால் அடுத்த கட்டு. ட்ரிவியா ட்ராப்புக்குக் கிடைத்தது இரண்டு கட்டு.

நடுவில் வைத்தியமும் நடந்தது. தவறான விடைகளைப் பொறுக்கும் விதி பார்ப்பவர்களைத் திணறடிக்கிறது என்று தெரிந்ததும், மற்ற ஆட்டங்களைப் போலவே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி விதியை மாற்றினார்கள். நோய்க்கு அதுதான் மருந்து, சந்தேகமில்லை. ஆனால் மருந்து நோயோடு சேர்த்து நோயாளியின் முகத்தையும் அழித்துவிட்டது. நான்கு விடையில் ஒன்றைச் சொல் என்றால், அது எந்த ஊர் வினாடி வினாவிலும் நடப்பது. ட்ராப் போன பின் ட்ரிவியா மட்டும் மிச்சம். பொறியில்லாத முச்சந்தியில் யார் வந்து நிற்பார்கள்?

பொறி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதே 1984இல் அசலான ஒரு பொறி நீதிமன்றத்தில் விரிந்தது. ஃபிரெட் வொர்த் என்பவர் அற்பச் செய்திகளைத் திரட்டி ஒரு களஞ்சியம் போட்டிருந்தார். யாராவது திருடினால் தெரிய வேண்டும் என்று அதற்குள் ஒரு பொய்யையும் புதைத்து வைத்திருந்தார். தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ‘பிலிப்’ என்று எழுதினார், அது அவராகக் கட்டியது. ட்ரிவியல் பர்சூட் பெட்டியில் அந்தப் பிலிப் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். முப்பது கோடி டாலர் கேட்டு வொர்த் வழக்குப் போட்டார். அவருடைய புத்தகத்தைப் பார்த்ததை ஆட்டக்காரர்கள் மறுக்கவில்லை, பல புத்தகங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். தகவல்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. முச்சந்திச் சரக்குக்குப் பட்டா கிடையாது. தவறான விடையைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்ற விதி அந்தக் களஞ்சியத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

ஏப்ரல் 5 வெள்ளிக்கிழமையோடு ட்ரிவியா ட்ராப் நின்றது. அடுத்த திங்கட்கிழமையே ஏ.பி.சி.யில் ‘ஆல் ஸ்டார் பிளிட்ஸ்’ என்ற வேறோர் ஆட்டம் தொடங்கியது, அதுவும் அந்த டிசம்பரைத் தாண்டவில்லை. ஜூன் மாதம் ஃபேமிலி ஃபியூட்டின் பகல்நேர ஓட்டத்தையும் நிறுத்தினார்கள். அந்தக் காலைப்பொழுதே ஏ.பி.சி.க்கு ராசியில்லாமல் போயிருந்தது. யூபாங்க்ஸை மறுஆண்டே குட்சன் சி.பி.எஸ்.ஸின் ‘கார்ட் ஷார்க்ஸ்’ ஆட்டத்தில் அமர்த்திக்கொண்டார். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பட்டறையில் ஒரு வார்ப்பு சரியாக விழவில்லை, அவ்வளவுதான்.

செத்த பிறகும் ஆட்டங்களுக்கு ஒரு வாழ்வு உண்டு. 1994 டிசம்பரில் பழைய விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு கேபிள் அலைவரிசை அமெரிக்காவில் தொடங்கியபோது, குட்சனின் கிடங்கிலிருந்த நாடாக்கள் அங்கே மறுபடி ஓடின. ட்ரிவியா ட்ராப்பும் அந்த வரிசையில் எழுந்து வந்தது. 1999இல் அதே ஏ.பி.சி., பிரிட்டனிலிருந்து வந்த ‘மில்லியனர்’ ஆட்டத்தை ஒளிபரப்பிப் பெரும் கூட்டத்தைக் கூட்டியது. நம் ஊரில் 2012இல் சூர்யா ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று நடத்தியதும் அந்த ஆட்டத்தைத்தான். நான்கு விடை, மூன்று பொய், ஒரு மெய். சிக்கிக்கொண்டவர் 50:50 என்று கேட்டால் இரண்டு பொய்களைக் கணினியே எடுத்துப் போடும். நாற்காலியில் இருப்பவர், ‘இது இருக்காது, அதுவும் இருக்காது’ என்று வாய்விட்டு விலக்கிக்கொண்டே போவதை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பொய்யைக் கழிப்பதில் சுவையில்லாமல் இல்லை. அது கட்டாயமாக வந்தபோது கசந்தது, உதவியாக வந்தபோது இனித்தது. கடைசியில் அவர் ஒரு விடையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்குள் வீட்டில் இருப்பவர் நாலு தடவை கத்தி முடித்திருப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்தச் சவலைப் பிள்ளை அண்ணனை வென்றது. 1964 முதல் 1975 வரை ஓடிய ஜெப்பர்டியின் முதல் பிறவி 2,700 நிகழ்ச்சிகளுக்கு மேல். நாடா விலை அதிகம், அழித்துவிட்டு அதன்மேலேயே வேறொன்றைப் பதிவு செய்வது அன்றைய நிலையங்களின் சிக்கனம். பதினோரு ஆண்டு வாழ்ந்ததில் இன்று எஞ்சியிருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடாக்கள். ட்ரிவியா ட்ராப் பிறந்தபோது அந்த வழக்கம் போய்விட்டது. அதன் நாடாக்களில் யூபாங்க்ஸ் இன்னும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர் விதியை மறந்து சரியான விடையைத்தான் முதலில் சொல்கிறார்.